கவண் குடிக்கும் தண்ணீர்

ஜோரி ட்ரெம்பத்தைத் திட்டாத ஆள் அந்தக் கப்பலில் இல்லை. கேப்டனைத் திட்டினால் சிறை. சமையல்காரனைத் திட்டினால் உருளைக்கிழங்கு வேகாமல் வரும். கடல் தண்ணீரைக் காய்ச்சி நல்ல தண்ணீராக்கித் தருகிற மனிதரைத் திட்டினால் என்ன ஆகிவிடப் போகிறது? ஆகவே ஆளாளுக்கு வந்து வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"சீஃப், நேத்து ராத்திரி என் சட்டை தானா எழுந்து நடந்து போயிடுச்சு. இந்தப் பக்கம் வந்துதா?"

"சீஃப், என் கழுத்து மடிப்புல விதை போட்டா முளைச்சிடும் போல இருக்கு. கொஞ்சம் தண்ணி மட்டும் தெளிங்க, அறுவடைல பங்கு தர்றேன்."

ட்ரெம்பத் கார்ன்வால்காரர். பருத்த உடம்பு, சிவந்த முகம், சத்தமான குரல். "குளிக்கணுமா? கப்பலைச் சுத்திப் பாரு. எவ்ளோ தண்ணி! குதி!" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். ஆள் போனபிறகு அவருக்கு மனசு கேட்காது. ஆயிரம் பேருக்கு மேல் இருக்கிற கப்பலில், ஜூலை மாத மத்தியதரைக் கடல் வெயிலில், முகம் கழுவ ஆளுக்கு ஒரு குவளைத் தண்ணீர் என்றால் அது என்ன பிழைப்பு?

குற்றம் அவருடையது அல்ல. அது மூளைக்காரர்களின் குற்றம்.

'கான்ஸ்டன்சி' என்ற அந்த விமானந்தாங்கிக் கப்பலைப் போர்க்காலத்தில் கட்டத் தொடங்கினார்கள். போர் முடிந்ததும் அது கேட்பாரற்றுத் துருப்பிடித்துக் கிடந்தது. ஜெட் விமானங்கள் வந்தபிறகுதான் கடற்படைக்கு அதன் ஞாபகம் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அதற்குள் மூளைக்காரர்கள் நன்றாகவே வேலை செய்திருந்தார்கள். முன்பெல்லாம் இறங்குகிற விமானத்தின் கொக்கி தளத்தில் கட்டியிருக்கும் கம்பியைக் கவ்வாமல் போனால், முன்னால் நிறுத்தி வைத்திருக்கும் விமானங்கள் மேல்தான் போய் மோத வேண்டும். ஒருவர் இறங்கும் பாதையைச் சற்று இடப்பக்கமாகச் சாய்த்துப் போட்டார். கம்பி தவறினால் தவறட்டும், வேகத்தைக் கூட்டிக்கொண்டு கடல்மேல் பறந்து போய் மறுபடி சுற்றி வரலாம். இன்னொருவர் தளத்தின் ஓரத்தில் ஒரு பெரிய வளைந்த கண்ணாடியை நிறுத்தினார். அதில் தெரிகிற ஒளிப்பொட்டைப் பிடித்துக்கொண்டே விமானி இறங்கிவிடலாம். மூன்றாமவர்தான் நீராவிக் கவணைக் கொண்டுவந்தார். கொதிகலனின் நீராவியை நீண்ட குழாய்களில் அடைத்து, கனமான ஜெட்டையும் தளத்தின் நுனியிலிருந்து கண் மூடித் திறப்பதற்குள் வானத்தில் தூக்கி எறிந்துவிடும் கருவி அது.

மூன்றும் பிரமாதம் என்று ட்ரெம்பத்தே ஒப்புக்கொள்வார். ஆனால் அந்த மூன்றாவது மகராசனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று அவருக்கு நெடுநாளாக ஆசை. "எல்லாம் சரி சார், அந்த நீராவிக்குத் தண்ணி யாரு குடுப்பா?" இயந்திரங்களை ஓட்டுகிற நீராவி குளிர்ந்து மறுபடி தண்ணீராகிக் கொதிகலனுக்கே திரும்பிவிடும். கவணுக்குப் போகிற நீராவி அப்படித் திரும்புவதில்லை. ஒவ்வொரு விமானம் பறக்கும்போதும் பீப்பாய் பீப்பாயாக நல்ல தண்ணீர் வெள்ளைப் புகையாகி ஆகாயத்துக்குப் போய்விடும். ஒத்திகை என்று வாரக்கணக்கில் காலையும் மாலையும் விமானங்களை எறிந்தால், கப்பலில் ஒருவனும் குளிக்க முடியாது.

ஒத்திகை முடியப் போகிற சமயத்தில் ஒரு நாள் லெப்டினன்ட் ஆல்டர்சன் கீழே வந்தான். விமானிகள் அந்தப் பக்கம் வருகிற வழக்கமே இல்லை. ஏணிக்குமேல் ஏணியாக இறங்கி, ட்ரெம்பத்தின் காய்ச்சு கலங்கள் மூன்றும் சீறிக்கொண்டிருந்த அந்த அடுப்பு போன்ற அறைக்குள் வந்து நின்றான்.

"சீஃப், உங்ககிட்ட ஒரு பிச்சை கேக்கணும்."

"குளிக்கத் தண்ணின்னா வேற வீட்டைப் பாருங்க சார்."

"நாளன்னிக்கு மால்டா. என் மனைவி துறைமுகத்துல நிப்பா. குழந்தையோட."

"சந்தோஷம் சார்."

"நான் கிளம்பினப்புறம் பிறந்த பொண்ணு, சீஃப். இன்னும் பாத்ததே இல்ல. இந்தக் கையைப் பாருங்க. எண்ணெய், வேர்வை, நாத்தம். இந்தக் கையாலயா முதல் தடவை தூக்குறது?"

ட்ரெம்பத் கையைப் பார்த்தார். உண்மையிலேயே கண்றாவியாகத்தான் இருந்தது. "போங்க சார், யோசிக்கிறேன்" என்றார். அவன் ஏணியில் பாதி ஏறுவதற்குள்ளேயே அவர் யோசித்து முடித்துவிட்டார். ஒருவனுக்குக் கொடுத்தால் மற்றவன் சும்மா இருப்பானா? எல்லோருக்கும்தான் அங்கே மனைவியோ காதலியோ காத்திருக்கிறாள். கொடுத்தால் மொத்தக் கப்பலுக்கும் கொடுத்துவிடுவது.

அவருடைய உதவியாளன் மோக்ஸன் யார்க்‌ஷயரைச் சேர்ந்தவன். எதற்கும் முகம் மலராத பிறவி. "எப்படி சீஃப்? ராத்திரி பகலா காய்ச்சினாலும் அவ்ளோ வராதே" என்றான்.

"சூட்டைக் கூட்டு. கலத்துல தண்ணி மட்டத்தையும் ஏத்து. வேகமா கொதிக்கட்டும்."

"அப்படிக் கொதிச்சா உப்புத் துளியும் சேர்ந்து தெறிச்சு வருமே?"

"லேசா வரும். குளிக்கிற தண்ணிதானேடா? கொஞ்சம் உப்பு இருந்தா எவன் சாகப் போறான்? கொதிகலன் தொட்டிக்குப் போகாம குளியல் தொட்டிக்கு மட்டும் திருப்பி விட்டுடலாம்."

கணக்கு சரிதான். மறுநாள் விடிந்ததிலிருந்து கலங்கள் மூன்றும் பேய் பிடித்ததுபோலக் கொதித்தன. கரிப்புத் தண்ணீர் குளியல் தொட்டிக்குள் இறங்கியது. தொட்டி நிறைய நிறைய ட்ரெம்பத்துக்கு வாயெல்லாம் பல். சாயங்காலம் ஒலிபெருக்கியில் குளிக்கலாம் என்று அறிவிப்பு வரும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

பத்து மணிக்குமேல் தலைக்கு மேலே கவண் இடித்தது. கடைசி நாள் ஒத்திகை. நான்கு ஸீ வெனம் ஜெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கவண் இடித்தால் ட்ரெம்பத்தின் கை செய்கிற வேலை ஒன்று உண்டு. கொதிகலன் தொட்டியில் மட்டம் இறங்கும் என்பதால், காய்ச்சின தண்ணீரை அந்தத் தொட்டிப் பக்கம் திருப்புவார். யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தால் கை தானாகப் போகிற மாதிரி, இடி கேட்டதும் கை அந்தச் சக்கரத்துக்குப் போய்விடும். அன்றும் போனது. மோக்ஸனிடம் குளியல் வரிசையைப் பற்றிப் பேசிக்கொண்டே, வால்வுச் சக்கரத்தை இடமிருந்து வலமாகத் திருப்பினார் ஜோரி ட்ரெம்பத்.

கொதிகலன் அறையிலிருந்து தொலைபேசி அலறியபோதுகூட அவருக்கு உறைக்கவில்லை. "சீஃப், ரெண்டு கொதிகலன்ல தண்ணி பால் மாதிரி பொங்குது. நுரை தள்ளுது. என்ன தண்ணிய அனுப்புறீங்க?"

என்ன தண்ணீர்? திரும்பிச் சக்கரத்தைப் பார்த்தார். அது கொதிகலன் தொட்டிப் பக்கம் திரும்பியிருந்தது.

ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, அதில் வெள்ளி நைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு விட்டார். உப்பு இல்லாவிட்டால் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். அது வெள்ளை வெளேரென்று கலங்கியது. மோக்ஸன் எட்டிப் பார்த்துவிட்டுச் சக்கரத்தைப் பழையபடி திருப்பினான்.

நுரை பொங்குகிற கொதிகலனை விட்டுவைக்க முடியாது. நீராவியோடு தண்ணீரும் சேர்ந்து பாய்ந்தால் கப்பலை ஓட்டுகிற டர்பைனின் தகடுகள் சுக்குநூறாகிவிடும். இரண்டை அணைத்தார்கள். மூன்றாவதும் முனக ஆரம்பித்ததால் அதையும் தணித்தார்கள். இத்தனை பெரிய கப்பல் நொண்டிக் குதிரையாக நகர்ந்தது.

ட்ரெம்பத் ஓடினார். இயந்திரக் கட்டுப்பாட்டு அறையில் கமாண்டர் கில்கிறிஸ்ட் இரண்டு காதிலும் இரண்டு தொலைபேசியை வைத்துக்கொண்டு நின்றார். ஸ்காட்லாந்துக்காரர், கோபம் மூக்குக்கு மேல்.

"சார், நான்தான். குளிக்கக் காய்ச்சின உப்புத் தண்ணிய கொதிகலன் தொட்டிக்குத் திருப்பிட்டேன். என் கையாலதான்."

கில்கிறிஸ்ட் அவரை ஒரு கணம் பார்த்தார். "உன்னை அப்புறம் கவனிச்சுக்கிறேன். மேல என்ன நடக்குதுன்னு தெரியுமா? மூணு விமானம் இறங்கிடுச்சு. நாலாவது இன்னும் மேலயே சுத்திட்டிருக்கு."

"யாரு சார்?"

"ஆல்டர்சன். கூட அவனோட ரேடார் ஆள் ஃபிட்ச்."

அன்று கடலில் காற்றென்று ஒரு பொட்டுக்கூட இல்லை. தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. காற்று இல்லாத நாளில் விமானந்தாங்கிக் கப்பல் தானே ஓடித்தான் தளத்தின் மேல் காற்றை உண்டாக்க வேண்டும். கப்பல் முன்னால் ஓட ஓட, பின்னாலிருந்து இறங்குகிற விமானத்தின் வேகம் அந்த அளவுக்குக் குறையும். வெனம் கம்பியில் சிக்கி நிற்க, கப்பல் குறைந்தது இருபத்து நாலு நாட், அதாவது மணிக்கு இருபத்து நாலு கடல் மைல் வேகத்தில் ஓட வேண்டும். இப்போது அதில் பாதிதான் வந்தது. அந்த நிலையில் இறங்கினால் கம்பி அறுந்துபோகும். அறுந்தால் விமானத்தைப் பிடித்து நிறுத்தத் தளத்தில் நைலான் வலை கட்டினார்கள். வலை தாங்குமா என்று கட்டியவர்களுக்கே சந்தேகம். பக்கத்தில் தரை எதுவும் இல்லை. விமானியை இருக்கையோடு வெளியே எறிகிற ஏற்பாடு அந்த ரக வெனத்தில் கிடையாது. கடலில் இறக்கினால் அது கல்லைப்போல மூழ்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"எரிபொருள் எவ்ளோ நேரம் வரும் சார்?"

"அரை மணி. சிக்கனமாப் பறந்தா இன்னும் கொஞ்சம். ஒரு தடவைதான் இறங்கப் பாக்கலாம். கம்பி தவறினா திரும்ப எழும்பிச் சுத்தி வரத் துளி எண்ணெய் இருக்காது."

"கொதிகலன்ல இருக்கிற உப்புத் தண்ணிய கடல்ல ஊதித் தள்ளிக்கிட்டே நல்ல தண்ணிய உள்ள விட்டா தெளிஞ்சிடும் சார். ரெண்டாவது கொதிகலனாவது தேறிடும்."

"நல்ல தண்ணி எங்கடா இருக்கு? மிச்சமிருந்த தொட்டியைத்தான் நீ நாசம் பண்ணிட்டியே!"

"குடிக்கிற தண்ணி, சார். மொத்தமும்."

கப்பலின் குடிநீரை முழுக்க இறைத்துவிட்டால், கலங்களைச் சுத்தம் பண்ணி மறுபடி காய்ச்சும் வரைக்கும் குடிக்க ஒரு வாய் இருக்காது. அந்த வெயிலில், அத்தனை பேருக்கு. கில்கிறிஸ்ட் மேல்தளத்துக்குத் தொலைபேசி போட்டு இரண்டே வாக்கியம் பேசினார். மறுமுனையில் கேப்டன் ஒரே வார்த்தையில் சம்மதம் சொன்னார்.

அதன்பிறகு நடந்ததை ட்ரெம்பத் கோர்வையாக நினைவில் வைத்திருக்கவில்லை. தீயணைப்புக் குழாய்களை இழுத்துக் குடிநீர்த் தொட்டிக்கும் கொதிகலன் அறைக்கும் இணைப்புப் போட்டார்கள். உப்புத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க வெளியே தள்ளினார்கள். கப்பலின் விலாவிலிருந்து அது சீறிக்கொண்டு கடலில் பாய்ந்தது. நல்ல தண்ணீர் உள்ளே ஏறியது. நுரை அடங்குவதுபோலத் தெரிந்தது, மறுபடி பொங்கியது. ஒலிபெருக்கியில் கேப்டனின் குரல் கேட்டது. ஆல்டர்சனும் ஃபிட்சும் மேலே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், குடிநீர் முழுவதும் கொதிகலனுக்குப் போகிறது, யாரும் குழாயைத் திறக்கக் கூடாது என்றார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் கொஞ்ச நேரத்தில் கொதிகலன் அறையின் ஏணிவாயில் ஒரு பட்டாளம் வந்து நின்றது. ஒருவன் கையில் வாளி, ஒருவன் கையில் தேநீர்க் கெட்டில், ஒருவன் பூட்ஸில்கூட நிரப்பி வைத்திருந்தான். குளிக்கத் தண்ணீர் இல்லாத அந்த வாரங்களில் கட்டிலுக்குக் கீழேயும் பெட்டிக்குள்ளேயும் திருட்டுத்தனமாகச் சேர்த்து வைத்த தண்ணீர் எல்லாம் வெளியே வந்துவிட்டது. மால்டாவில் இறங்கும் முன்பு ஒரு குளியல் போடலாம் என்று பதுக்கினது.

"திருட்டுப் பசங்களா! இவ்ளோ தண்ணிய ஒளிச்சு வச்சுக்கிட்டா என்னைப் போற இடமெல்லாம் திட்டினீங்க?" என்று கத்தினார் ட்ரெம்பத்.

"திட்டுறதை நாளைக்கு வச்சுக்கலாம் சீஃப், எங்க ஊத்தணும் சொல்லுங்க!"

"சோப்பு கலந்ததெல்லாம் வேணாம்! மோந்து பாத்து அனுப்பு மோக்ஸன்! அந்த பூட்ஸ் ஆளைத் துரத்து!"

உண்மையைச் சொன்னால், அந்த வாளித் தண்ணீர் எல்லாம் சேர்ந்தாலும் கொதிகலனுக்கு ஒரு மிடறு காணாது. அது ட்ரெம்பத்துக்கும் தெரியும். இருந்தாலும் சோப்பு வாடை இல்லாத ஒரு வாளியைக்கூட அவர் திருப்பி அனுப்பவில்லை. கையிலிருந்து கையாக வந்ததை எல்லாம் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டே இருந்தார்.

மீண்டும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். லேசான கலங்கல். இன்னொரு தடவை பார்த்தபோது கலங்கல் இல்லை என்றே சொல்லலாம். "ரெண்டாவது கொதிகலனுக்குத் தீ போடு!" மூன்றாவதையும் கூட்டினார்கள். கப்பல் உடம்பெல்லாம் அதிர்ந்தது. பதினாறு, பதினெட்டு, இருபது என்று, கொதிகலன் அறைக்கே இறங்கி வந்துவிட்ட கில்கிறிஸ்ட் தொலைபேசியில் கேட்டதை உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். இருபத்தொன்றுக்குமேல் வேகம் ஏறவில்லை.

"இன்னும் மூணு வேணும் ட்ரெம்பத்!"

"விளக்கு, விசிறி, சமையலறை, கவண் குழாய், எதுக்கெல்லாம் நீராவி போகுதோ எல்லாத்தையும் மூடுங்க சார்! இந்த அறை விசிறியையும்!"

மூடினார்கள். அந்த அறையின் வெக்கையில் இரண்டு பேர் சுருண்டு விழுந்தார்கள். அவர்களை ஏணிவழியே தூக்கிக்கொண்டு போனார்கள். கில்கிறிஸ்ட் கண்ணில் வழிந்த வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இருபத்து மூணு... ஏறுது... வர்றான். அவனால இனிமே காத்திருக்க முடியாதாம். வர்றான்!" என்றார்.

கீழே இருப்பவர்களுக்கு வானம் தெரியாது. மேல்தளத்தில் வேலையில்லாத பயல்கள் கூடிநின்று வேடிக்கை பார்க்க ஒரு மாடமே உண்டு. இத்தனை வருஷத்தில் ட்ரெம்பத் அங்கே ஒரு நாளும் போனதில்லை. இப்போது தலையை அண்ணாந்து, இரும்புக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "கடவுளே, அந்தப் பையனைக் கொண்டுவந்து சேர்த்துடு. என்னை என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ" என்று வாய்விட்டே சொன்னார். பக்கத்திலிருந்த யாரும் சிரிக்கவில்லை.

தொம் என்று ஓர் இடி. அதைத் தொடர்ந்து கம்பி இழுபடுகிற கிறீச் சத்தம் நீண்டுகொண்டே போனது. அறுந்துவிட்டது என்று ட்ரெம்பத் கண்ணை இறுக மூடிக்கொண்டார். சத்தம் நின்றது.

கில்கிறிஸ்ட் தொலைபேசியைக் கீழே வைத்தார். "கடைசிக் கம்பி. நின்னுட்டான். ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல."

அறை முழுக்க ஒரே கூச்சல். ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள், குத்திக்கொண்டார்கள். ட்ரெம்பத் மட்டும் யாரையும் பார்க்காமல் ஏணியில் ஏறித் தன் கலங்களிடம் போனார். போகும்போது கில்கிறிஸ்ட் பின்னாலிருந்து சொன்னார்: "நாளைக்கு சாயங்காலம் விசாரணை. கேப்டன் முன்னாடி தொப்பியைக் கழட்டிட்டு நிக்கணும், தெரியும்ல?"

"தெரியும் சார்."

"அதுவரைக்கும் போய்த் தண்ணி காய்ச்சு. துறைமுகத்துக்குள்ள நின்னுட்டா ஜெட்டுங்க எழும்ப முடியாது. விடிஞ்சதும் எல்லாத்தையும் கவண்ல ஏத்திக் கரைக்கு அனுப்பணும்."

கலங்களைத் திறந்து, உப்புப் படிவத்தைச் சுரண்டி, கழுவி, மூடி, மெதுவான சூட்டில் வைத்தார்கள். ஒருவருக்கொருவர் பேச நாக்கு எழவில்லை, அவ்வளவு வறட்சி. சாயங்காலம் குழாயில் முதல் தண்ணீர் நூல்போல இறங்கத் தொடங்கியபோது, ஏணியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

ஆல்டர்சன் வந்தான். பறக்கும் உடுப்பு உடம்போடு ஒட்டிக் கிடந்தது. முகம் வெளிறிப் போயிருந்தது.

"யாரு பண்ணினது?"

மோக்ஸன் முன்னால் வந்து நின்றான். "மெஷின் கோளாறு சார்."

"நகருடா" என்றார் ட்ரெம்பத். "மெஷின் இல்ல சார். நான்தான். வால்வை மாத்தித் திருப்பினது இந்தக் கைதான்."

"நீங்களா?" என்றான் ஆல்டர்சன். "என் பொண்ணு முகத்தை நான் இன்னும் பாக்கல, சீஃப்! மேல சுத்திக்கிட்டிருந்தப்போ வேற ஒண்ணுமே நினைக்கல. ஃபிட்ச் பக்கத்துல உக்காந்து அவங்க அம்மா பேரைச் சொல்லிக்கிட்டே இருந்தான். உங்களுக்கு ஒரு வால்வு! எதுக்கு? எதுக்காக உப்புத் தண்ணியக் காய்ச்சினீங்க?"

"எல்லாரும் குளிக்கட்டும்னுதான் சார்."

ஆல்டர்சன் காலடியில் கிடந்த காலி வாளியை எட்டி உதைத்தான். அது அறை முழுக்கச் சத்தமாக உருண்டது. அப்படியே இரும்புத் தரையில் உட்கார்ந்தான். ட்ரெம்பத் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் உட்கார்ந்திருந்த கோலத்துக்கு முன்னால் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஆல்டர்சன் தலையைத் தூக்காமலே கேட்டான். "குடிக்க ஏதாவது இருக்கா? மேல ஒரு சொட்டு இல்ல."

ட்ரெம்பத் குழாயடியில் குவளையை வைத்துக் காத்திருந்தார். நிரம்பியதும் அதிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சோதித்தார். இரண்டு தடவை. அப்புறம்தான் குவளையை அவன் கையில் கொடுத்தார். கப்பலில் அப்போது இருந்த ஒரே குவளைத் தண்ணீர் அது.

ஆல்டர்சன் அதை உடனே குடிக்கவில்லை. "நாளைக்குக் கவண்ல போகப் போறதும் இந்தத் தண்ணிதானா?"

"ஆமா சார். பட்டியல்ல முதல் விமானம் உங்களோடதுன்னு சொன்னாங்க. நீங்க வேற யாரையாவது முன்னால அனுப்பச் சொல்லிக் கேளுங்க. முதல் எறிதல்ல நீராவி எப்படி இருக்குன்னு பாத்துட்டு நீங்க போங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

கவணில் நீராவி பாதியில் செத்தால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். விமானம் தளத்தின் நுனியிலிருந்து நேரே கடலில் விழும். பின்னாலேயே கப்பல் அதன்மேல் ஏறும். ஆல்டர்சன் குவளைக்குள் பார்த்தான். பிறகு அதை வாயில் வைத்து, மூச்சு வாங்காமல், கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

"ஃபிட்சுக்கும் ஒண்ணு ஊத்துங்க சீஃப்" என்றான், புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு. "நாளைக்கு நாங்கதான் முதல்ல போறோம். பட்டியலை மாத்த வேணாம்."

ட்ரெம்பத் இன்னொரு குவளையை எடுத்துக் குழாயடியில் பிடித்தார். தண்ணீர் மெல்லத்தான் இறங்கியது. அது நிரம்புகிற வரைக்கும், மோக்ஸன் பார்க்கிறானே என்றுகூட இல்லாமல், அவர் விம்மி விம்மி அழுதார்.